தாவூத் சாயபு சொல்ல மறுத்த வார்த்தை

தாவூத் சாயபு காலமான செய்தி, அடக்கம் முடிந்த மறுநாள்தான் ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. பாலக்கரையில் தெரு கொள்ளாத கூட்டமாம். அவரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

திருச்சி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நாங்கள் இருவரும் மொழிபெயர்ப்பாளர்கள். கூண்டில் நிற்பவரின் தமிழைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்வது வேலை. முக்கியமான வழக்கென்றால் துரை சாயபுவைத்தான் கூப்பிடுவார். அப்போதே எனக்கு வயிறு எரியும்.

சட்டமறுப்பு நாட்களில், கள்ளுக்கடை மறியலில் பிடிபட்ட லால்குடி விவசாயி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்டால் விடுதலை. துரை கேட்டதற்கு அவர், "பிள்ளைங்கள நெனச்சா வருத்தமா இருக்குங்க" என்றார். சாயபு அதை அப்படியே சொன்னார். மறியல் செய்ததற்கு வருந்துகிறார் என்று மாற்றிச் சொல்லும்படி துரை உத்தரவிட்டார். விவசாயி அப்படிச் சொல்லவில்லை என்றார் சாயபு. மூன்று முறை கேட்டும் அதே பதில். அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னை அழைத்தார்கள்.

நான் சொன்னேன். விவசாயி அன்றே வீடு போய்ச் சேர்ந்தார்.

சாயபுவுக்கு வேலை போயிற்று. அவர் இடம் எனக்குக் கிடைத்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் தான் மன்னிப்புக் கேட்டதாக ஊரில் பேச்சு என்று அறிந்ததும், அந்த மனிதர் மறுபடி அதே கடை வாசலில் போய் நின்று சிறைக்குப் போனார். அதற்கு முன் சாயபு வீட்டைத் தேடிப்போய்க் கும்பிட்டாராம். என்னை அவர் தேடவில்லை.

சாயபு தபாலாபீஸ் எதிரே மனு எழுதிப் பிழைத்தார். ஒருநாள் கோபமாகவே கேட்டேன்: "சர்க்காரை எல்லாரும் எதிர்த்துண்டு நின்னா, குடும்பம் என்னாறது?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரும் ஜெயிலுக்குப் போகணும்னு நான் சொல்லலைங்க, ஐயங்காரே. அவங்க பொய்ய நம்ம வாயால சொல்ல வேணாம். அவ்வளவாவது நம்ம கடமை இல்லீங்களா?"

பிறகு, என் மனைவியின் ஜுரம் தணிந்ததா என்று விசாரித்தார். ஒரு தடவையாவது அவர் என்னை ஏசியிருந்தால் இருவரும் சமமாகியிருப்போம். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. இது போய்விட்டால், அன்று நான் செய்தது சரிதான் என்று நம்பத் தொடங்கிவிடுவேன்.