எங்கள் வெள்ளைக்கார மேலதிகாரி தேர்தலில் நின்ற கதை

நான் அப்போது ஓ.எம்.ஆரில் ஒரு பிரிட்டிஷ் வங்கியின் கிளை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் மேலதிகாரி லண்டனிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் சிரிக்கவே மாட்டார். ஒரு முடிவெடுக்க ஏழெட்டு மீட்டிங் போடுவார். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "தோற்றுப்போனால் என்ன செய்வது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வஞ்சிர வறுவலில் அவர் கை வைத்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பேரூராட்சித் தேர்தல் பிரசாரம். வேட்பாளர் வேறு யாருமில்லை, எங்களுக்கு மீன் கொடுக்கும் அக்காதான். சுயேச்சை.

அக்கா உள்ளே வந்ததும் தட்டைப் பார்த்தார். "நான் குடுத்த மீனுதான? முள்ளு பாத்துத் துன்ன சொல்லு சாரை."

எதற்காக நிற்கிறார் என்று கேட்கச் சொன்னார் மேலதிகாரி. கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? மழை பேஞ்சா தெருவெல்லாம் தண்ணி கீது, பைப்புல மட்டும் இல்ல. அதான் நிக்கிறேன்."

"தோற்றுப்போனால்?" அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தோத்தா இன்னா? மறுநாள் கூடைய தூக்கினு மீன் விக்கப் போவேன். மீனுக்குத் தெரியுமா நான் தோத்தது?"

நான் மொழிபெயர்த்ததும் மனிதர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தானும் கூட வருகிறேன் என்று எழுந்தார். அக்கா பதறிப்போனார். "வேணாம் சார்! வெள்ளைக்காரன் கைல துட்டு வாங்கிட்டேன்னு கதை கட்டுவானுங்க."

அதனால் மேலதிகாரி எங்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தார்; பக்கத்தில் நின்று நான் மொழிபெயர்த்தேன். அக்கா ஒவ்வொரு வீட்டிலும் முதலில் மாமியாரின் முட்டிவலி, பிறகு பெண்ணின் பரீட்சை என்று விசாரித்தார். படியிறங்கும்போதுதான் ஓட்டுப் பேச்சு. "வங்கியில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்" என்றார் மேலதிகாரி, யாரிடம் என்றில்லாமல்.

அக்கா தோற்றார். மறுநாள் காலை சங்கரா மீனோடு வந்தார்.

மேலதிகாரி ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலையை விட்டுவிட்டாராம். தன் ஊர் கவுன்சில் தேர்தலில் நிற்கிறாராம். "உன் வீட்டுச் சாப்பாட்டில் ஏதோ கலந்திருந்தது என்கிறாள் என் மனைவி" என்று எழுதியிருந்தார். முதல் முறை தோற்றார். விற்பதற்குத் தன்னிடம் மீனும் இல்லையே என்று புலம்பினார். ஆனாலும் விடவில்லை. அடுத்து வந்த இடைத்தேர்தலில் ஜெயித்துவிட்டார்.

செய்தியை அக்காவிடம் சொன்னேன். "நம்ம சாரா? அந்தக் குளுருல வூடு வூடா ஏறி எறங்கினாரா? பாவம், ஜலதோசம் புடிச்சிருக்கும்" என்றார்.

பிறகு மேலதிகாரி ஒரு போட்டோ அனுப்பினார். கொட்டும் மழையில், கூரை ஒழுகும் பஸ் நிறுத்தத்தில், காற்றில் மடங்கிய குடையோடு நிற்கிறார். பக்கத்தில் ஒரு கிழவி விரலை நீட்டி அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷம் அவர் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அவருக்கு இத்தனை பல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.