தலைவர் உட்காராத சோபா

எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் ஒரு சிவப்பு சோபா கிடக்கிறது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ரெக்சின் உறை. முதுகுப் பக்கம் வரிசையாகப் பொன்னிறப் பித்தான்கள், அவற்றில் சில உதிர்ந்துவிட்டன. இடது கைப்பிடி கிழிந்த இடத்தில் யாரோ கறுப்பு நாடா ஒட்டியிருக்கிறார்கள். அது எங்கள் கட்சிக் கிளைக்கு வந்து சேர்ந்த நாளைப் பற்றி எனக்கும் கிளைத் தலைவருக்கும் இன்றுவரை வழக்கு தீரவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் என்பார் அவர். வியாழக்கிழமை என்பேன் நான். சூலியா தெருவில் கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பாயிடம்தான் அதை வாங்கினோம். வெள்ளிக்கிழமை நண்பகலில் அவர் தொழுகைக்குப் போயிருப்பார், கடை பூட்டியிருக்கும். பூட்டிய கடையிலிருந்து எப்படி சோபா வாங்குவது? இதைச் சொன்னால் தலைவர், "நீ கப்பல் கம்பெனில கணக்கெழுதுற கிராணியா இருந்தவன்லா, ஒனக்குக் கிழமைதான் பெருசு" என்று பேச்சை முடித்துவிடுவார்.

கட்சிகளின் வரலாறுகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் தலைவர்கள் பேசியதெல்லாம் இருக்கும், எதில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இருக்காது. பினாங்கில் ஒரு கூட்டத்துக்குப் போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பள்ளிப் பரிசளிப்பானாலும் கோயில் விழாவானாலும் செராமா என்கிற தேர்தல் பிரசாரக் கூட்டமானாலும் முன் வரிசையில் பிரமுகர்களுக்கு சோபா, முன்னால் பூத்துணி விரித்த குட்டை மேசை, அதில் தண்ணீர் போத்தல்கள். பின்னால் மற்ற எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. வாடகை சோபாவில் தலைமையகத்துப் பெரியவர் ஒருவரை மூட்டைப்பூச்சி கடித்துவிட்ட பிறகுதான் எங்கள் கிளைக்கென்று ஒன்று வாங்கினோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் லாரியில் ஏற்றிப் போவோம். தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலில் கண்ணாடிச் சாமான் இறக்குவதுபோல் அதை ஏற்றி இறக்குவார். ஈரத்துணியால் துடைப்பார். பிறகு அதன் பின்னால் கைகட்டி நின்றுகொள்வார். ஒரு முறைகூட அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் கேட்டேன். "வேட்பாளரா நின்னா உக்காரலாம். அதுவரைக்கும் எதுக்கு?" என்றார். அவர் மனதில் இருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு தேர்தல்களாக எங்கள் தொகுதி கை நழுவியிருந்தது. மூன்றாவதற்கு நாள் குறிக்கும் முன்பே, இந்த முறை கிளைத் தலைவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அவரும் இரண்டு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை, காப்பிக் கடையில் நாங்கள் இருந்தபோது தலைமையகத்திலிருந்து கைப்பேசி அழைப்பு வந்தது. அவர் "ஆமாங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியைக் கடைசிவரை குடித்தார். நிபோங் திபால் பக்கத்துப் பெண், முப்பதுகூட ஆகவில்லை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பெண்களுக்காகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடுகிறவராம். அவரைத்தான் நிறுத்துகிறார்கள்.  மறுநாள் கிளை அலுவலகத்துக்குப் போனால் தலைவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு சோபாவைக் கழுவிக்கொண்டிருக்கிறார். "அந்தப் புள்ள வந்து உக்காரணும்ல. தூசியா இருந்தா நமக்குத்தான மரியாதக் கொறச்சல்" என்றார். அவர்மேல் எனக்கு அன்று வந்த மதிப்பு இன்னும் குறையவில்லை.

மதிப்பு வேறு, கணக்கு வேறு. எங்கள் நாட்டில் வாக்காளர்களை வயதுப்படி பிரித்து வகுப்பறை வகுப்பறையாக அனுப்புவார்கள். ஒவ்வொரு வகுப்பறையும் ஒரு சாலுரான். முதல் சாலுரானில் முதியவர்கள், கடைசியில் புதிதாக வாக்குரிமை பெற்ற பிள்ளைகள். எந்த வயதுக்காரர் யாரைக் கைவிட்டார் என்பது எண்ணி முடித்ததும் தெரிந்துவிடும். இரண்டு தோல்விகளிலும் எங்களைக் கைவிடாதது முதல் சாலுரான் ஒன்றுதான். அவர்களெல்லாம் தலைவரோடு துறைமுகத்தில் வியர்வை சிந்தியவர்கள். வந்த பெண்ணோ தீபாவளிக்கு அன்பளிப்புக் கூடை கொடுக்க மாட்டேன் என்றார். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்றார். அடுக்குமாடிகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார். "கடைசி சாலுரான் சின்னப் பசங்க கை தட்டுவானுங்க, ஓட்டுப் போட வர மாட்டானுங்க. மொத சாலுரான் கெழவனுங்க வருவானுங்க, போட மாட்டானுங்க. ரெண்டும் போச்சு" என்று தலைவர் விரல் மடக்கிக் காட்டினார். இந்த முறையும் தோற்றால் இந்தத் தொகுதியைக் கூட்டணியின் வேறு கட்சிக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையகம் சொல்லியிருந்தது. அப்படி ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் கட்டிக் காத்த கிளைக்கு வேலையே இருக்காது.

முதல் செராமா சுங்கை பினாங் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில். கழுவின சோபா விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. வேட்பாளர் வந்தார். சாதாரணப் பருத்திச் சுரிதார், விளையாட்டுக் காலணி. தலைவர் மாலையோடு நின்று, "உக்காருங்கம்மா" என்று சோபாவைக் காட்டினார். அவர் கும்பிட்டுவிட்டு நேரே பின்னால் போய், பெண்கள் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேட்பாளரே உட்காராத சோபாவில் வேறு யார் உட்காருவார்கள்? கூட்டம் முடியும்வரை அது காலியாகக் கிடந்தது. தலைவர் மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்றார். மறுநாள் காலைக்குள், வெறும் சோபாவும் பின்னால் மாலையோடு தலைவருமாக ஒரு படம் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. "ஆளில்லாத சோபா, ஆளில்லாத கட்சி" என்று எதிர்த்தரப்பு எழுதியிருந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

வேட்பாளர் வந்ததும் தலைவர் கைப்பேசியை அவர் முன்னால் வைத்தார்.

"இதப் பாத்தீங்களா? ஒங்களுக்காக நான் கழுவி வெச்சது இது."

"தெரியாது தலைவரே. மன்னிச்சிருங்க." அவர் முகம் வாடியது நடிப்பில்லை. "ஆனா அதுல உக்காந்தா எனக்கு யாரு மொகமும் தெரியாது. சனங்களுக்கும் என் முதுகுதான் தெரியும். ஓட்டுக் கேக்க வந்துட்டு முதுகக் காட்டுறதா?"

"அப்ப அத என்ன செய்ய? பாசார்ல வித்துறவா?"

"வேணாம். மேடைல தூக்கிப் போடுவோம். சனங்க உக்காரட்டும். நான் கீழ நிக்கிறேன்."

"சனங்க உக்காந்து?"

"பேசட்டும். நம்மளப் பத்தி."

தலைவர் என்னைப் பார்த்தார். "நம்மளத் திட்ட நம்மளே மேட போட்டு, சோபாவும் போட்டுக் குடுக்கணுமாம். கேட்டியா கிராணி?" ஆனாலும் சாயங்காலம் லாரிக்குச் சொன்னது அவர்தான். வேட்பாளர் கேட்டால் செய்ய வேண்டும் என்பது அவருடைய கட்சி ஒழுக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் மறுபடி கூட்டம் போட்டோம். சோபா மேடையில். வேட்பாளர் கீழே ஒலிவாங்கியோடு நின்று, தமிழிலும் மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும், "யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பேசலாம்" என்றார். ஒருவரும் அசையவில்லை. கூட்டத்தில் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். தலைவர் என் காதில், "நான் சொன்னேன்ல?" என்றார். அப்போதுதான் எட்டாம் மாடி அக்கா எழுந்தார். மருத்துவமனையில் ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை பார்ப்பவர். பாசார் பையோடு மேடையேறி, சோபாவில் உட்கார்ந்து, ஒரு முறை எம்பிப் பார்த்தார்.

"ஐயோ, மெத்துமெத்துனு இருக்குலா! இத்தன வருசம் நீங்கல்லாம் இதுல உக்காந்துக்கிட்டா எங்களப் பாக்க வந்தீங்க? அப்பறம் எப்படி எழுந்திருக்க மனசு வரும்?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அக்கா நிறுத்தவில்லை. மின்தூக்கி கெட்டுப்போனதையும், பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா கீழே இறங்கியே பல வாரம் ஆனதையும் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்துத் தலைவரை நோக்கி நீட்டினார். "அந்த அண்ணேதான் போன எலக்சனுக்கு வந்து லிப்ட் செஞ்சி தாறேன்னாரு. கேளுங்க அவர."

சிரிப்பு நின்றுவிட்டது. வேட்பாளர் தலைவரைப் பார்த்து, மெதுவாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல், "தலைவரே, சொன்னோமா?" என்றார். தலைவருக்குத் தப்பிக்க வழிகள் இருந்தன. நாம் தோற்றுவிட்டோம், அதிகாரம் இல்லை, அடுத்த கட்சியைக் கேளுங்கள் என்று அவர் மேடையில் ஆயிரம் முறை பேசியிருக்கிறார். வேட்பாளர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

"சொன்னோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "செய்யல."

எங்கள் கட்சிக்காரர் ஒருவர் ஒலிவாங்கியில் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. முதலில் பின் வரிசையில் ஒருவர் கை தட்டினார். பிறகு கூட்டம் முழுவதும். எட்டாம் மாடி அக்காகூட முருங்கைக்காயை மடியில் வைத்துவிட்டுத் தட்டினார். வேட்பாளர், "நாளைக்கே சரியாகும்னு நானும் சொல்ல மாட்டேன். சரியாகுற வரைக்கும் மாசா மாசம் வந்து, எங்க நிக்குதுன்னு சொல்வேன்" என்றார். தலைவர் என் பக்கம் திரும்பியபோது காது நுனிவரை சிவந்திருந்தார். "திட்டு வாங்குனதுக்குக் கை தட்றாங்கடா, கிராணி" என்றார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்காது.

அதற்குப் பிறகு எங்களுக்கு லாரி ஓய்வே இல்லை. எந்த அடுக்குமாடிக்குப் போனாலும் "சோபா வருமா?" என்றுதான் கேட்டார்கள். மலாய் மூதாட்டி ஒருவர் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். சீனப் பெரியவர் ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "சும்மா உட்கார்ந்து பார்க்க வந்தேன்" என்று ஹொக்கியனில் சொல்லி இறங்கிப் போனார். அதற்கும் கை தட்டினார்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு, தங்கள் அம்மா அந்தச் சிவப்பு சோபாவில் உட்கார்ந்து அரசியல்வாதியைக் கேள்வி கேட்கும் படம் போய்ச் சேர்ந்தது. எதிர்த்தரப்பு எங்களுக்குச் செய்த உதவியை மறக்கக் கூடாது. அந்தக் காலி சோபாப் படத்தை அவர்கள் பரப்பியிருக்காவிட்டால், அது நிறைந்ததை யார் கவனித்திருப்பார்கள்?

வாக்களிப்பு ஒரு சனிக்கிழமை. பிள்ளைகள் இரவுப் பேருந்தில் வந்து இறங்கி, பையோடு நேரே வரிசையில் நின்றார்கள். நான் முதல் சாலுரானில் எண்ணிக்கை முகவர், வயதுக்கேற்ற வேலை. வாக்குச் சீட்டுகளை மேசையில் பிரித்து அடுக்க அடுக்க, எங்கள் அடுக்கு மற்றதைவிட உயர்ந்துகொண்டே போனது. என் கண்ணை நானே நம்பவில்லை. முன்பு எங்களுக்குக் கிடைத்ததைவிட அதிகம். வெளியே வந்தபோது பள்ளி வாசலில் தலைவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசி சாலுரான் வந்துருக்கும், தெரியும். மொதல் என்னாச்சு, அதச் சொல்லு."

சொன்னேன்.

"மொதலா? நம்ம கெழவனுங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு கதவை விட்டுவிட்டு என்னைத் தூக்கினார். இந்த வயதில் என்னை யாரும் தூக்கியதில்லை. தொகுதி எங்களுக்குத் திரும்ப வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் வந்தது.

இளம் வேட்பாளரை நிறுத்தினால் இளைஞர் வாக்கு வரும் என்று நாளிதழ்கள் எழுதின. நான் வாக்கு எண்ணிய அறையில் இருந்தேன், அதனால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன். அவர் கொள்கைகளைக் கேட்டு இளையவர்கள் வந்தது உண்மை. ஆனால் படியேற முடியாதவர்கள்தானே மின்தூக்கி இல்லாமல் அதிகம் அவதிப்பட்டார்கள்? புதிய கோரிக்கைகள் முதியவர்களுக்குப் பிடிக்காது என்று நாங்களாகவே முடிவு செய்து வைத்திருந்தோம், அவர்களைக் கேட்டதில்லை. தங்களோடு வேலை பார்த்த ஒருவன் எல்லோர் முன்னாலும் "செய்யல" என்று சொன்னதும், இனிமேல் செய்வான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வரவைத்ததுதான் அந்தப் பெண் எங்கள் கட்சிக்குச் செய்த பெரிய உபகாரம் என்பது என் எண்ணம்.

இப்போது சேவை மையம் அதே அடுக்குமாடியின் தரைத் தளத்தில் இருக்கிறது. மின்தூக்கி ஓடுகிறது. இடையில் நின்றால் அன்றே ஆள் வருகிறது. சனிக்கிழமை காலைகளில் சட்டமன்ற உறுப்பினர் வருவார், வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்து பேச, அவர் நின்று கேட்பார். போன சனிக்கிழமை நானும் போயிருந்தேன். வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைவர். தேர்தலுக்கு முன்பு தைத்து, உடுத்தாமலே வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளில் ஒன்றைப் போட்டிருந்தார். கிளைத் தலைவராக வரவில்லை, வீட்டுக்குப் பின்னால் லொங்காங், அதாவது வடிகால், அடைத்துச் சாக்கடைத் தண்ணீர் ஏறுகிறதாம். அவர் முறை வந்தது. பழக்கத்தில் சோபாவின் பின்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"தலைவரே, உக்காருங்க. நான் துடைச்சுதான் வெச்சிருக்கேன்" என்றார் அந்தப் பெண்.

அவர் சுற்றி முன்னால் வந்தார். ரெக்சினை உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். உட்கார்ந்தார். பிறகு முதுகைச் சாய்த்து, கைப்பிடிகளில் கை வைத்து, லொங்காங்கின் வரலாற்றை அதை வெட்டிய காலத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். கிழமைகள் எல்லாம் தப்பு. நான் திருத்தவில்லை. பின்னால் வரிசையில் எட்டாம் மாடி அக்கா பாசார் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"அண்ணே, போதும்லா. எந்திரிங்க, நாங்களும் பேசணும்."

தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இரு தங்கச்சி. இப்பதான் உக்காந்துருக்கேன்."