பச்சை தீட்டாதவர்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, அடுத்த வருடம் மலாக்காவில் ஓர் ஆபீசில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் படித்துச் சொல்பவர் பக்கத்து மேசைக்காரர். காஜா பெராங் கிராமத்து மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழர் வழி. நெற்றி நிறையத் திருநீறு, பேச்சோ மலாய். ‘அண்ணே’ போல நாலைந்து தமிழ்ச் சொற்கள்தான் அவருக்குத் தெரியும்.

ஒரே இடத்தின் இரண்டு படங்களைச் சேர்த்து வைத்து, இரட்டைக் கண்ணாடி வழியே குனிந்து பார்ப்பார். மரங்கள் எழுந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் முதலில் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

ஊரோரம் மானுக்கும் பன்றிக்கும் ஒதுக்கிய காட்டில் பாதிக்குத்தான் அன்று பச்சை தீட்டினார்.

“ஹூத்தான் சூடா தாடா,” என்றார். மீதிக் காடு போய்விட்டதாம்.

எங்கள் தமிழ் அதிகாரி என் பக்கம் திரும்பினார். “பழைய மேப்புல இருக்குதானே? நீ பச்சை அடிச்சிரு லா.”

அடித்தேன்.

மாலையில் செட்டி கண்ணாடியைத் துடைத்து என்னிடம் நகர்த்தினார். “காசி துஞ்சோக் சத்து போக்கோக், அண்ணே.” ஒரே ஒரு மரம் காட்டச் சொன்னார், கோபமில்லாமல்.

வெகுநேரம் குனிந்திருந்தேன். வெட்டவெளிதான் தெரிந்தது.

அந்த வரைபடம் பல வருடம் சுவரில் தொங்கியது. அவர் அதைப் பற்றி மறுபடி பேசவேயில்லை. காலையில் என் மேசையைத் தாண்டும்போது ‘அண்ணே’ என்று அழைப்பதையும் நிறுத்தவில்லை.