ஐந்நூற்று எண்பத்தேழு

“…மட்டும் அழிஞ்சிருச்சுன்னா, அண்ணே, நான் வந்த பஸ்ஸுலயே ஏறி எங்கிட்டாச்சும் போயிற வேண்டியதுதான். வீட்டுல தலைகாட்ட முடியாது.”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பெண் பேச ஆரம்பித்துவிட்டாள். பேச்சின் முன்பாதி, சந்தில் போன மாட்டுவண்டிச் சத்தத்தோடு போய்விட்டது. பின்பாதிதான் என் காதில் விழுந்தது. எது அழியக் கூடாது என்று நான் கேட்பதற்குள் பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை மேசைமேல் வைத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டு யந்திரம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான், நடுவில் சின்னக் கண்ணாடி. கண்ணாடி முழுக்கத் தார் பூசினதுபோலக் கறுத்துக் கிடந்தது.

“பாருங்க. மேலூர்ல பஸ் ஏறும்போது கண்ணாடி இப்பிடிக் கறுக்கல.”

எண்பதுகளின் தொடக்கம் அது. கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. நான் யாரிடமும் தொழில் படித்தவன் இல்லை. பழைய ரேடியோவைப் பிரித்துப் பிரித்து, ஷாக் வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டதுதான். அந்த வருஷம்தான் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பெட்டிக்குள் சென்ட் பாட்டிலோடும் கைலியோடும் இந்த விளையாட்டுச் சாமானையும் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். இதற்கு என்ன பெயர் என்றே ஊரில் யாருக்கும் தீர்மானம் இல்லை. ஒருவர் ‘கேம்’ என்பார், ஒருவர் ‘பழம் பிடிக்கிற பொட்டி’ என்பார். ரிப்பேர் என்று வந்தால் ரேடியோக்காரனிடம்தானே வருவார்கள்? எனக்கோ ரேடியோ கெட்டால் காதால் தெரியும். கொர்ரென்றால் ஒன்று, உய்யென்றால் ஒன்று. இது என்ன கோளாறு என்று வாய்விட்டுச் சொல்லாது. பக்கத்து டீக்கடை அண்ணன் சொல்வார்: “பேசுற சீக்காளிக்கு வைத்தியம் பாத்துருவ மாப்ள. ஊமைச் சீக்காளிக்கு என்ன பண்ணுவ?”

அவர் சொன்னதுபோலத்தான் இருந்தது. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு சைக்கிள் மிதித்த ஒருவரின் யந்திரத்தில், கண்ணாடிக்குள் மை கொட்டியதுபோல ஒரு கறை மேகமாகப் படர்ந்துகொண்டே போயிற்று. அது கடைசிவரை சரியாகவில்லை. இன்னொன்றில் உருவமெல்லாம் அரை உடம்பாகத் தெரிந்தது. தலை இருக்கும், கால் இருக்காது. இந்தக் கறுப்பு மட்டும் எனக்கு முன்பே அறிமுகம். ரிப்பேருக்கு வந்த ஒன்றை வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், வந்து பார்த்தால் கரிக்கட்டையாகக் கிடந்தது. நம் கதை முடிந்தது என்று நான் உட்கார்ந்திருக்க, சாயங்காலக் காற்றுக்கு அதுவாகத் தெளிந்தது.

“பஸ்ஸுல எங்கம்மா உக்காந்து வந்த?”

“கூட்டம்ணே. டிரைவரு பக்கத்துல இஞ்சின் பெட்டி மேல இடம் குடுத்தாக.”

“இது?”

“பையிலதேன். பைய அந்தப் பெட்டி மேலேயே வச்சுக்கிட்டேன்.”

“சித்திரை வெயிலு பத்தாதுன்னு இஞ்சின் சூடும் குடுத்திருக்க. அதுக்கு மயக்கம் வந்திருச்சு. பயப்படாத தங்கச்சி, வா.”

மூலையில் மண்பானை இருந்தது. அதன் வயிற்றோடு ஒரு காய்ந்த துணியை ஒட்டவைத்து, அதில் யந்திரத்தைச் சாய்த்தேன். அவள் பானைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெளியே சந்தில் வெயில் வெள்ளைச் சேலை காயப்போட்டதுபோல அசையாமல் கிடந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் கறுப்பு ஒரு கிணறாகத் தெரிந்தது. கடை, மேசை, நாங்கள் எல்லாம் அதன் விளிம்பில் உட்கார்ந்திருப்பதுபோல. பிறகு ஒரு மூலை சாம்பலாயிற்று. அந்தச் சாம்பல் மெல்ல நடுவுக்கு நகர்ந்தது. தண்ணீருக்கடியில் கிடந்த ஒன்று மேலே மிதந்து வருவதுபோல ஒரு மரம் வந்தது, மரத்தில் ஒரு குரங்கு வந்தது, கீழே கூடையோடு ஒரு மனுஷன் வந்தான்.

அவள் கையை நீட்டி மேல் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன விசையை அழுத்திப் பிடித்தாள். அந்த யந்திரத்தில் அதுவரை ஆடி எடுத்த புள்ளிகளில் பெரிய எண் எதுவோ அது அப்போது தெரியும். 587. தெரிந்தது; ஆனால் நனைந்த சிலேட்டில் எழுதினதுபோல மங்கலாக.

“இதுதேண்ணே,” என்றாள். “இது அழியக் கூடாது.”

பிறகு கதையைச் சொன்னாள். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், நெல் போடுகிற குடும்பம். கணவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் வேலை. போன லீவில் வந்தபோது இதைக் கொண்டுவந்திருக்கிறார். குரங்கு மரத்திலிருந்து பழத்தைப் போடும், கீழே இருக்கிறவன் இடமும் வலமும் ஓடிக் கூடையில் பிடிக்க வேண்டும், மூன்று பழம் தவறினால் ஆட்டம் முடிந்தது. லீவு முழுக்க அவர் ஒருவர்தான் விளையாடினாராம். இவள் கேட்டபோது, “இது நாத்துக்கட்டு இல்ல, தூக்கிப் போட்டுப் பிடிக்கிறதுக்கு” என்று சொல்லியிருக்கிறார். 431 எடுத்து அதை ஊரெல்லாம் காட்டிவிட்டு, “நூறு தாண்டுனேன்னா லெட்டர் போடு” என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டார்.

“முத மாசம் அறுவதைத் தாண்டலண்ணே. பழத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன், அதேன். பெறகுதேன் தெரிஞ்சுச்சு, பழத்தைப் பாக்கவே கூடாது. டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருதுல்ல, அதோட போகணும். நடவுல குனிஞ்சமுன்னா நாத்தையா பாக்குறோம்? கை பாட்டுக்குப் போகுது. அம்புட்டுத்தேன்.”

ஐந்நூற்று எண்பத்தேழு எடுத்த அன்று கடிதம் எழுதியிருக்கிறாள். பதில் வந்தது: ‘நீ எழுதியது ஐநூறா, ஐம்பதா? பேனா தடுக்கி ஓர் இலக்கம் கூடிப்போய்விட்டதா?’ அதைக் கொழுந்தன் வீட்டில் சத்தமாக வாசித்து எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மாமியாரும், “எம் மகன் அங்கிட்டு வெயில்ல வேகுறான், இவ பொட்டியையும் நோண்டிக்கிட்டு அதுல புளுகும் புளுகுறா” என்றாராம்.

“எடுத்துக் காமிச்சிருக்கலாம்ல?”

“அவுகளுக்கு இது என்னத்தன்னே தெரியாதுண்ணே. ஆடாத நேரத்துல மணி காட்டும்ல, அந்தக் கடியாரத்து நம்பருன்னு சொல்லிட்டாக. அவருக்குத்தேன் தெரியும். அவரு வெள்ளிக்கிழமை வாராரு. அவரு கண்ணால பாக்கணும்.”

இன்று செவ்வாய். நாலு நாளாக அந்த எண் மங்கிக்கொண்டே வருகிறது. இடது பொத்தான் அழுந்தியபடியே நின்றுவிட்டது. காதருகே வைத்தால், யந்திரம் ஓயாமல் முனகிக்கொண்டே இருப்பது கேட்கிறது. பேட்டரி தீர்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றினால் எண் போய்விடும் என்று கணவர் முன்பே சொல்லியிருக்கிறார். கழற்றாவிட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் தானாகவே போய்விடும். அடைபட்ட பாதையில் நிற்கிறவள்போல அவள் என்னைப் பார்த்தாள்.

கண்ணாடி டம்ளரோடு வந்த டீக்கடை அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். “இதுக்கு எதுக்கு இம்புட்டு ரோசனை? ஸ்டூடியோவுல குடுத்து ஒரு போட்டோ பிடிச்சிரலாம்ல?”

“போட்டோவுல நம்பரு இருக்கும். என் கை எங்கண்ணே இருக்கும்?” என்றாள் அவள். “எவளோ எடுத்ததைப் படம் பிடிச்சுட்டு வந்துட்டேம்பாரு. எங்க ஊட்டுக்காரர உங்களுக்குத் தெரியாது.”

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, “இது வில்லங்கமான கேசு மாப்ள” என்று நகர்ந்துவிட்டார்.

நான் யோசித்தேன். உயிர் இருப்பது பேட்டரியில். ஒரு நொடி உயிர் போனாலும் மறதி வந்துவிடும். அப்படியென்றால் பழைய உயிரை எடுப்பதற்கு முன்னால் பக்கத்திலேயே இன்னோர் உயிரைக் கட்டிவைக்க வேண்டும். ரேடியோவுக்குப் போடுகிற பென்சில் பேட்டரி இரண்டை வரிசையாகக் கட்டி, முடிக் கனத்தில் இரண்டு கம்பி இழுத்து, யந்திரத்தின் பின்மூடியைத் திறந்து, பேட்டரி உட்கார்ந்திருக்கிற தகட்டின் வாலில் பற்றவைத்தேன். ஈயப்புகை மேலே போகும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வாட்ச் கடையிலிருந்து வாங்கிவந்த புதுப் பொட்டுப் பேட்டரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழையதை நெம்பி எடுத்தேன்.

விசையை அழுத்திப் பார்த்தேன். எண் இருந்தது. அதுமட்டுமில்லை, கறுகறுவென்று எழுந்து நின்றது.

“ஆத்தாடி,” என்றாள் அவள், மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

அடுத்து அந்த இடது பொத்தான். ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன். பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவில் சுற்றிலும் மஞ்சளாக, கல்லாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஊசியால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். சந்தனம். நடுவில் ஒரு துளி குங்குமம்.

“என்னம்மா இது?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “ஐநூறைத் தாண்டுன அன்னைக்கு வச்சேண்ணே. டிராக்டருக்கு வைக்கிறோம், பம்புசெட்டுக்கு வைக்கிறோம். எனக்கு இம்புட்டுக் குடுத்துச்சே, இதுக்கு ஒரு பொட்டு வைக்க வேணாமா?”

“பொத்தான் மேலேயா வைக்கிறது?”

“நெத்தி எதுன்னு தெரியலண்ணே.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். கடைக்குள் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து அந்தச் சந்தனத்தையெல்லாம் துடைத்தேன். கடையில் ஈயமும் சந்தனமும் கலந்து ஒரு வாசனை. வேறெங்கும் நான் அதை முகர்ந்ததில்லை. பொத்தான் மேலே வந்தது. அழுத்தினால் போனது, விட்டால் வந்தது. முனகல் நின்றது. புதுப் பேட்டரிகளை உள்ளே வைத்தேன். பென்சில் பேட்டரிக் கம்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்தேன். முதல் கம்பி, இரண்டாவது கம்பி. மூடியைப் போட்டுத் திருகினேன். அவள் விசையை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். 587. என் கைமேல் ஒட்டியிருந்த வியர்வை அப்போதுதான் குளிர்ந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து மூடியைப் போட்டதும், உள்ளே ஏதாவது பற்றாமல் ஆடுகிறதா என்று பார்க்கச் செட்டை ஒரு தட்டுத் தட்டுவோம். தட்டிய பிறகும் பாடினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். பத்து வருஷமாக எத்தனை ஆயிரம் தட்டு தட்டியிருப்பேனோ. அதை யோசித்துச் செய்வதில்லை. வீட்டுக்குள் நுழையும்போது நிலைப்படியில் தலை தானாகக் குனிகிறதே, அதுபோல.

யந்திரத்தை அவளிடமிருந்து வாங்கி மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன்.

கண்ணாடி ஒருமுறை இமைத்தது. பொட்டுப் பேட்டரி அதன் குழியில் ஒரு மயிரிழை எழும்பி உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும். மரம் இல்லை, குரங்கு இல்லை. பன்னிரண்டு மணி என்று ஒரு கடிகாரம் மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

நான் விசையை அழுத்திப் பிடித்தேன். சைபர். விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தேன். சைபர்.

அந்த நிமிஷம் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிற மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, சத்தம் இல்லை. சந்தில் ஆள் நடக்கிறார், அடி கேட்கவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடியில் மட்டும் பன்னிரண்டு மணி வருகிறது, போகிறது, வருகிறது. மதுரை முழுவதும் அந்தப் பன்னிரண்டுக்குள் நின்றுவிட்டதுபோல.

“தங்கச்சி,” என்றேன். “ரேடியோக்காரன் கைம்மா. தட்டிப் பழகிப்போன கை. வெள்ளிக்கிழமை நானே ஒங்க ஊருக்கு வாரேன். ஒங்க வீட்டுக்காரருக்கிட்ட நான் சொல்றேன், என் கண்ணால பாத்தேன்னு.”

அவள் யந்திரத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அந்தச் சைபரைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகிற சத்தம் வரவில்லை. டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. திரும்பினேன். இடது பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா வழுக்கிக்கிட்டுப் போகுதுண்ணே,” என்றாள். “முந்தி இருந்ததைவிட இப்ப லேசா இருக்கு.”

பிறகு, “கடைசி பஸ்ஸு ஏழு மணிக்குத்தேன். இப்ப மணி எம்புட்டு?” என்று கேட்டாள்.

“மூணே கால்.”

அவள் சுவரோரமாக நகர்ந்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கை வளையல்களையும் முழங்கைப் பக்கமாக ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆட்டத்தை ஆரம்பித்தாள்.