சராசரி போட்ட ஆறு மணி நேரம்

என் அத்தான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய், குனிந்து, மூடியைத் திறந்து, சிலந்தி வலையைத் துடைத்து, எண்ணைப் படித்து எழுதியவர். நாய் கடித்த வீட்டுக்குக்கூட அடுத்த மாதம் தவறாமல் போய் நின்றார். பூட்டிய வீடு என்றால் பழைய மாதங்களை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணை எழுதுவார்கள். அதற்கு அவர்கள் வேலையில் ‘சராசரி போடுவது’ என்று பெயர். வீடு திறந்திருக்கும்போதே தெருமுனையில் நின்று சராசரி போடுகிற சோம்பேறிகளும் உண்டு. அவர்களைக் கண்டால் அத்தானுக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

அவரோடு மீட்டர் பார்க்கிற கூட்டாளியைக் குடைக்காரர் என்போம். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை. இருபது வருஷமாக இருவரும் ஒன்றாகவே சுற்றினார்கள். அக்காவுக்குப் பிரசவ வலி வந்தபோது வண்டி பிடித்து வந்தவர் அவர்தான். அவரை நம்பிய அளவுக்கு அத்தான் என்னை நம்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

அத்தானுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று சொன்னபோது எங்கள் தலையில் கல்லைப் போட்டது மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். முழுசாக எடுத்தாயிற்று, பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

அந்த வார்டில் இருபது கட்டிலுக்கு ஒரு நர்ஸ். அத்தானின் கட்டிலுக்கடியில் சிறுநீர்ப் பை தொங்கியது. மணிக்கொரு தரம் குனிந்து பையின் அளவுக்கோட்டைப் பார்த்து, போன மணி அளவைக் கழித்து, எவ்வளவு சேர்ந்தது என்று தாளில் எழுதும்படி எங்களிடம் சொல்லியிருந்தாள். முப்பது மில்லிக்குக் கீழே போனால் உடனே கூப்பிட வேண்டும், கிட்னி விஷயம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் குடைக்காரர் வந்தார். அக்கா கண்ணெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க போய்க் குளிச்சுட்டுக் கொஞ்சம் தூங்கிட்டு வாங்க. மீட்டர் பாக்குறவனுக்கு இதையெல்லாம் சொல்லித் தரணுமா?” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். மூக்கில் குழாயோடு அத்தானும் சிரித்தார். நான்தான் அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

காலை பத்து மணிக்குக் காலி செய்திருந்த பையை நாலு மணிக்கு நர்ஸ் மறுபடி காலி செய்தபோது அதில் இருந்தது எழுபது மில்லி. தாளில் குடைக்காரர் எழுதியதைக் கூட்டினால் இருநூற்று அறுபத்தைந்து. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். அத்தானின் ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் இறங்கி, கிட்னி இரண்டும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. மத்தியானமே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் டயாலிசிஸ்.

பை கசிந்திருக்கும் என்று குடைக்காரர் வாய் கூசாமல் சொன்னார். நாங்களும் நம்பினோம். கண்கலங்கி நின்றவரை அக்காதான் தேற்றினாள்.

ஒரு வாரம் கழித்து அத்தான் அந்தத் தாளையும் கண்ணாடியையும் கேட்டார். அக்கா எழுதிய வரிகளில் முப்பத்தெட்டு, நாற்பத்துமூன்று, முப்பத்தாறு. குடைக்காரர் எழுதியதில் நாற்பது, நாற்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது, நாற்பத்தைந்து. அத்தானின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

“இது பாத்து எழுதினது இல்ல மச்சான். என் கிட்னிக்கு சராசரி போட்டிருக்கான்.”

மாலையில் வந்த குடைக்காரரிடம் தாளை நீட்டினார். அவர் முதலில் சப்பைக்கட்டு கட்டினார், பிறகு மென்று முழுங்கினார். முதல் மணிக்குக் குனிந்து பார்த்தாராம், நாற்பது இருந்ததாம். நன்றாகத்தானே வருகிறது என்று கேண்டீனுக்குப் போய்விட்டாராம். அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவனை நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்காவது மனசு ஆறியிருக்கும்.

மூன்று மாதம் பார்க்கலாம், சிலருக்குக் கிட்னி திரும்பிவிடும் என்றார்கள். ஒவ்வொரு வாரமும் ரத்தப் பரிசோதனைத் தாளை அக்காவும் நானும் பரீட்சை முடிவு மாதிரி பிரித்தோம். வயிற்றுத் தையல் அழகாக ஆறியது. கிட்னி திரும்பவில்லை. இனி ஆயுசுக்கும் வாரம் மூன்று நாள் மெஷின்தான். ஊருக்கெல்லாம் தண்ணீர்க் கணக்கு எழுதியவர், இப்போது தான் குடிக்கிற ஒவ்வொரு டம்ளரையும் அளந்து எழுதுகிறார்.

அத்தானின் தெருக்களைக் குடைக்காரருக்கே ஒதுக்கினார்கள். போன செவ்வாய்க்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போனபோது கேட்டில் மீட்டர் அட்டை செருகியிருந்தது. தெரிந்த கையெழுத்து. ‘வீடு பூட்டு. சராசரி.’

செவ்வாயன்று மெஷின் கிடையாது. அத்தான் காலையிலிருந்து ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் குடை தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றதையும், தலையைக் குனிந்தபடி கேட்டருகே வந்து உடனே திரும்பியதையும் பார்த்திருக்கிறார். ஆபீசில் போய் ஒரு கை பார்க்கிறேன் என்று நான் குதித்தேன்.

அத்தான் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். குழாயடிக்குப் போய், வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மெல்லக் குனிந்து, மூடியைத் திறந்து எண்ணைப் படித்தார். சராசரியை அடித்துவிட்டு அதன் கீழே சரியான எண்ணை எழுதினார். நிமிர ரொம்ப நேரமாயிற்று.

“ரெண்டு தடவையும் நான் இருந்தேன் மச்சான், அங்க கட்டில்ல, இங்க ஜன்னல்ல,” என்றார். “ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்ல.”