கோட்டு போட்ட சூப்பர்வைசர்

பொம்மசந்திராவில் பாட்டில் மூடி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் மெஷின் ஆபரேட்டராக இருந்த முனிகிருஷ்ணன், ஒரு திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் ஆனார். ஒரு கடிதம் கொடுத்தார்கள். நீலச் சட்டை போய் வெள்ளைச் சட்டை வந்தது. சம்பளம் எண்ணூறு ரூபாய் உயர்ந்தது. மெஷின் அதே மெஷின்தான். அவருக்குக் கீழே ஆள் யாருமில்லை; மெஷினுக்குக் கீழே ஒரு எண்ணெய்த் தட்டு இருந்தது.

விஷயம் தெரிந்தபின் அவர் குடியிருக்கும் ஜோகுபாளையம் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு நாகேஷ் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டினான். ஸ்டுடியோக்காரர் முனிகிருஷ்ணனின் தலையை மட்டும் வெட்டி, யாருடைய கோட்டு சூட்டிலோ பொருத்தியிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், 'நாற்பது பேரை ஆளும் சிங்கமே, வாழ்க!'

"நாப்பது பேர் எங்கடா வந்தாங்க?"

"கீழ இடம் காலியா இருந்துச்சு மச்சி."

சிங்கம் அதைப் படமெடுத்துக் கம்பெனி வாட்ஸப் குழுவில் போட்டது. ஹெச்.ஆர். தருண் கைதட்டல் அனுப்பினார். படத்தைச் சேமித்தும் வைத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்தது. தினமும் இரவு எட்டு வரை நின்றதற்கு ஓவர்டைம் பகுதியில் சைபர். மகள் தீபிகாவின் நர்சிங் படிப்புக்கு இதுவரை கட்டணம் கட்டியது சம்பளமல்ல, இரட்டை ரேட்டில் வந்த அந்த ஓவர்டைம்தான்.

"சார், ஓ.டி. விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல, முனிகிருஷ்ணன் சார்." பதினான்கு வருடத்தில் தருண் வாயிலிருந்து வந்த முதல் சார். "ஓ.டி. தொழிலாளிக்குத்தான். நீங்க இப்ப மேனேஜ்மென்ட் ஆச்சே!"

மேனேஜ்மென்ட் ஒருநாள் லீவு போட்டு, மனைவி பாஞ்சாலியோடு பஸ் ஏறி, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தது.

விசாரணை நாளில் அதிகாரி அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "பதவிக்கு என்ன பேர் வேணா வைக்கட்டும்ப்பா. செய்ற வேலைதான் கணக்கு. உன் கீழ ஆளில்ல, லீவு குடுக்கிற அதிகாரமில்லன்னா, ஓ.டி. டபுள் ரேட்ல வரணும்."

தருண் பையைத் திறந்து ஒரு கலர் பிரிண்டை மேசைமேல் வைத்தார். கோட்டு, நாற்பது பேர், சிங்கம், எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"இது நீதானே?"

"தலை மட்டும் என்னுது மேடம்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "சரி. ஆளுங்க யாரும் இல்ல, சும்மா போட்டதுன்னு எழுதிக் குடு. இதைக் கட்டினவனையும் கூட்டிட்டு வந்து சொல்ல வை. அது போதும்."

அது போதும்தான். நாகேஷ் கூப்பிட்டால் வருவான். வந்து சொல்லிவிட்டு, சாயங்காலமே தெரு முழுக்கவும் சொல்வான். ஒரு மாதமாக டீக்கடையில் எழுந்து நின்று பெஞ்சில் இடம் விடுகிறவர்கள், எண்ணெய்த் தட்டின் கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள். முனிகிருஷ்ணன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார். அவருக்கு மூடி கைவந்த தொழில்.

"அதுல போட்டிருக்கிறது உண்மைதான் மேடம்."

அம்மாள் அதையே எழுதிக்கொண்டு கோப்பைக் கட்டினார். தருண் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

வெளியே பாஞ்சாலி கேட்டாள்: "என்னாச்சுங்க?"

"வேற தேதி போட்டிருக்காங்க."

மறுவாரம் தீபிகாவின் கட்டணம் கட்டியாயிற்று. பாஞ்சாலியின் காதில் கம்மல் இருந்த இடத்தில் துடைப்பக் குச்சி. "சூப்பர்வைசர் அண்ணனுக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு!" என்று டீக்கடையில் குரல் கேட்டது. வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறையோடு, அண்ணன் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்துகொண்டார்.