இருவாட்சிக்குப் படம், குரங்குக்குக் கூண்டு

சுபாங் ஜெயாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு குரங்குகளுக்குப் பழம் கொடுத்துக் கீழே இறக்குகிறது. பிறகு அதே பழத்தைக் காட்டிக் கூண்டில் பிடிக்கிறது. இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்ன ஒரே ஆள் ஸ்டெல்லா அக்கா. போன வாரம் மாரடைப்பில் இறந்துவிட்டார். குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ இருவாட்சிப் பறவையின் படம் போட்டிருந்தார்கள். அதற்கு வந்த இதயக் குறிகளுக்கு நடுவே அவருடைய மரணச் செய்தி கிடந்தது.

நிர்வாகக் குழுவில் அவரும் நானும் குப்பைப் பொறுப்பைப் பார்த்தோம். கிளினிக் வேலை முடிந்து வந்ததும், குரங்குகள் கிளறும் மூடியில்லாத குப்பைத் தொட்டிகளைத் திட்டிக்கொண்டே சுற்றுவார். அவரோடு லிஃப்டில் ஏறிய உங்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும்.

சுவரோரத்து ஆலமரத்தில் இருவாட்சியும் பழம் தின்கிறது, நீண்ட வால் குரங்கும் தின்கிறது. இரண்டும் விதை பரப்புகின்றன. இரண்டும் யோக்கியமில்லை, இருவாட்சி மைனாக் குஞ்சை விழுங்கியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். ஆனாலும் இருவாட்சியை வாசல் சுவரில் வரைய வேண்டும், குரங்குக்குக் கூண்டு வைக்க வேண்டும் என்று ஒரே கூட்டத்தில் தீர்மானம் வந்தது.

அக்கா எழுந்தார். “என் கார் கண்ணாடிய கொத்திக் கீறுனது உங்க ஹார்ன்பில்தான் தலைவரே. அதுக்கு எப்போ கூண்டு?”

அப்படியானால் குரங்குகளை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“வச்சுக்கலாம் லா அங்கிள். உங்கள விட சத்தம் கம்மி.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு தீர்மானத்தையும் நிறைவேற்றினார்கள்.

சனிக்கிழமைகளில் மரத்தடி அனுமார் படத்துக்கு முன்னால் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வைத்துவிட்டுப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை, சமையலறைக்குள் குரங்கு வந்துவிட்டது என்று புகார் கொடுப்பதும் அதே ஆட்கள்தான். அக்கா கிறிஸ்தவர், சாமி காரியத்தில் தலையிடுகிறார் என்பார்களே என்று நான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை. வீடு வீடாகப் போய், படைத்த பழத்தை எடுத்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். சிலர் கேட்டார்கள். பலர் கதவைச் சாத்தினார்கள்.

கூண்டு அதே மரத்தடிக்கு வந்தது, உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அங்கே வைக்கிற பழம் தனக்குத்தான் என்று பழகிய ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, நேராக உள்ளே போனது. கூண்டு வைத்த ஆட்கள் வந்து அதை லோரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டோம். சொல்லவில்லை.

அன்று அக்கா சொன்னார்: “பறவை மேல இருக்கு, பாக்க அழகா தெரியுது. குரங்கு நம்ம மாதிரியே கை நீட்டுது. அதான் இவங்களுக்குப் பொறுக்கல.”

அவர் கம்போங் மேடான் மலிவு விலை வீடுகளில் வளர்ந்தவர். கூட்டமாக வருகிறார்கள், அசிங்கம் பண்ணுகிறார்கள் என்று பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் அப்போது அவர் வீட்டாரையும் பேசினார்களாம்.

நேற்றைய கூட்டத்தில் தலைவர் அக்காவுக்காக ஒரு நிமிட மௌனம் கேட்டார். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தைத்தான். இந்த அஞ்சலியை எழுதிவிட்டு அடங்கிப்போவதற்கு நான் தயாராக இல்லை.

“கூண்ட எடுங்க. எல்லாத் தொட்டிக்கும் மூடி போடுங்க. எப்போ செய்வீங்கன்னு இப்பவே சொல்லுங்க தலைவரே.”

தலைவர் தாளைத் திருப்பி, கார் நிறுத்துமிடப் பிரச்சினையைப் பேச ஆரம்பித்தார்.